கூட்டமான தீம் பார்க்குக்கு அடிக்கடி போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் தீம் பார்க் என்றால் முதலில் வாயில் வருவது மைசூர் ரோட்டில், பிடதிக்குச் சற்று முன்னால் இருக்கும் வொண்டர்லாதான். 2005-ல் திறந்தது. அல்சூரிலோ விவேக் நகரிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு, லீவு விட்டதும் ஊரிலிருந்து வந்து இறங்கும் அக்கா பிள்ளைகளையும் சித்தப்பா குடும்பத்தையும் அங்கே கூட்டிப்போவது ஏறக்குறைய கடமை மாதிரி. நாங்கள் அந்தக் கடமைக்கு மேலும் போகிறவர்கள். அதனால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் என்ன சுகம்?

அடிக்கடி போவதால்தான் சுகம். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். கையில் வரைபடம், முகத்தில் கணக்கு. தலைக்கு இத்தனை கொடுத்திருக்கிறோம், எல்லா ரைடிலும் ஏறியே ஆகவேண்டும். மூன்று மணிக்குப் பிள்ளை களைத்துப்போய் ஐஸ்கிரீம் கேட்டால், "இன்னும் எட்டு ரைடு பாக்கி இருக்கு, வா" என்று இழுத்துக்கொண்டு ஓடுகிறார் அப்பா. அவரைக் களைக்க வைப்பது கூட்டத்தைவிட அந்தக் கணக்கு.

திரும்ப வருவோம் என்று தெரிந்தவருக்கு அந்தப் பதற்றம் கிடையாது. ரோலர் கோஸ்டர் வரிசை கோயில் கூட்டம் போல நீண்டிருந்தால் "சரி, அடுத்த தடவை" என்று நகர்ந்துவிடலாம். நான்கு ரைடு ஏறிவிட்டு, லேஸி ரிவரில் ட்யூபைப் போட்டு மிதந்துவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு ரைடு கட்டாயம், மீதியெல்லாம் வந்தால் வரட்டும்.

எந்த நாளில் கூட்டம் குறைவாக இருக்கும்?

வார நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலா காலம். செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கும் என்று லீவு போட்டுவிட்டுப் போனால், வாகனம் நிறுத்தும் இடத்தில் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று பெயர் எழுதிய பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒரே நிறச் சட்டையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே ரைடுக்கு ஓடும். அதே சமயம் ஒன்று: அவர்கள் திரும்பிப் போகும் தூரம் அதிகம் என்பதால், ஆசிரியர்கள் விசில் ஊதித் தலை எண்ண ஆரம்பித்ததும் பார்க் திடீரென்று மூச்சு விடும். அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் பொன்னான நேரம். சுற்றுலா காலத்தில் போக நேர்ந்தால் நாங்கள் மதியத்துக்கு மேல்தான் முக்கியமான ரைடுகளையே வைத்துக்கொள்வோம்.

தமிழர்கள் மறக்கும் இன்னொரு விஷயம், இரண்டு மாநிலக் காலண்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது. தசரா சமயத்தில் கர்நாடகப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும். இரண்டும் மோதும் வாரத்தில் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். பொங்கலுக்குக் கர்நாடகத்தில் சங்கராந்தி ஒருநாள்தான் விடுமுறை. ஆனால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டுப் பொங்கல், காணும் பொங்கலுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை இரண்டு பக்கமும் லீவு.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி வார நாட்கள். சுற்றுலா பஸ்கள் ஓய்ந்திருக்கும், பரீட்சை நெருங்குவதால் பெற்றோர்கள் வீட்டில் காவல் இருப்பார்கள், வெயிலும் ஏறியிருக்காது. அடுத்து, பள்ளிகள் திறந்தபின் ஜூன் கடைசி, ஜூலை. வானம் மூடி, தூறல் அடிக்கும். தண்ணீர் சில்லென்று நடுக்கும். அதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு வரிசை குறைவு. சென்னையில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்துவிட்டதால், அந்தப் பக்கத்து ஆட்கள் இனி நம்மிடம் வரத் தேவையில்லை. சேலத்துக்காரர்களுக்கு இன்னமும் பெங்களூருதான் பக்கம்.

ஒரு வரிசையில் நிற்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான் கணக்கு. வரிசைக் கோட்பாட்டில் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. பெரிய கணிதமெல்லாம் தேவையில்லை. முன்னால் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை அந்த ரைடு ஏற்றுகிறது, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும்.

பக்கத்தில் நின்று ஒரே ஒரு சுற்றைக் கவனியுங்கள். பதினாறு பேர் உட்காரும் கோபுர ரைடு, ஏற்றி, பெல்ட் சரிபார்த்து, மேலே போய், இறங்கி, அடுத்த கும்பல் உட்காரும் வரை நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்குப் பதினைந்து சுற்று, 240 பேர். முன்னால் 120 தலை இருந்தால் அரை மணி நேரம். அதே 120 பேர், 28 பேர் ஏறும் கோஸ்டருக்கு முன்னால் நின்றால், அதே நான்கு நிமிடச் சுற்றில் பதினேழு பதினெட்டு நிமிடம்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே நீளம்.

பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கம்பி போட்டிருக்கும் இடத்தில் ஒரு வளைவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் யார் சொன்ன நிமிடம் சரி என்று பந்தயமே நடக்கும். ஜெயித்தவருக்கு ஸ்வீட் கார்ன்.

நிற்கும்போது நேரம் நகரவே மாட்டேன் என்கிறதே?

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் வரிசையில் நிற்பவர் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். சும்மா நிற்கும் நேரம் வேலையோடு கழியும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். தனியாக நிற்பது கூட்டாக நிற்பதைவிட நீளம். நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளம். அவர் சொன்னதில் முக்கியமானவை இவை.

மேலே சொன்ன வகுத்தல் கணக்கு இரண்டாவதைச் சரிசெய்துவிடும். முதலாவதுக்கு நம்மிடம் அந்தாக்ஷரி இருக்கிறது. மொபைல் பெரும்பாலும் லாக்கரில் இருக்கும் என்பதால் பேசித்தான் ஆகவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் வீட்டில் வாயே திறக்கமாட்டான். தன் காலேஜ் கவலையையெல்லாம் என்னிடம் கொட்டியது ஒரு டவர் ரைடு வரிசையில்தான். வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வாங்கலாமா?

கூடுதல் காசு கொடுத்துத் தனி வழியில் ஏறும் டிக்கெட் வொண்டர்லாவில் இருக்கிறது. டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று தொடங்கியபோது அது இலவசம். 2021-ல் அதை நிறுத்திவிட்டுக் காசு வாங்கும் முறைக்கு மாறினார்கள். உலகம் முழுக்கப் போக்கு இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்றால் வாங்கட்டும். அடிக்கடி போகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு, கூட்டமில்லாத வேறொரு நாளின் டிக்கெட்டில் கணிசமான பங்கு வந்துவிடும். இன்னொன்றும் உறுத்தும். தனி வழியில் ஒருவர் ஏறும் ஒவ்வொரு முறையும் பொது வரிசை ஒரு இடம் பின்னால் போகிறது. வெயிலில் நிற்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நாம் உள்ளே போவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டினால் தவறொன்றும் இல்லை.

யாராவது குறுக்கே புகுந்தால்?

சிரித்த முகத்தோடு "க்யூனல்லி பன்னி" (வரிசையில் வாங்க) என்று கன்னடத்தில் சொல்லுங்கள். தமிழில் கத்தினால் விஷயம் வேறு பக்கம் போய்விடும். கேட்கவில்லை என்றால் ஊழியரிடம் விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் முதலில் எங்கே போகவேண்டும்?

வாசலுக்கு எதிரே இருப்பதை விட்டுவிட்டு ஆழமாக உள்ளே. நுழையும் கூட்டம் முழுவதும் கண்ணில் பட்ட முதல் ரைடில் தேங்கும். திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் கடைக்கோடியில் இருக்கும் பெரிய கோஸ்டரில் ஏறிவிட்டால், பிறகு நாள் முழுக்க நிம்மதி. வொண்டர்லாவில் ரீகாயில் என்று ஒன்று இருக்கிறது. முன்னால் போய்ச் சுற்றிவிட்டு அதே பாதையில் பின்னோக்கி வரும். அந்த மாதிரிப் பெயர்பெற்றவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

மதியம் ஆக ஆகக் கூட்டம் தண்ணீர்ப் பக்கம் சாயும். அப்போது உலர்ந்த ரைடுகள் கொஞ்சம் இளகும். நாம் எதிர்த்திசையில் போகவேண்டும். சாப்பாடும் அப்படித்தான். ஒன்றிலிருந்து இரண்டரை வரை உணவகத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு இடம் தேடுவது வரிசைகளிலேயே மோசமான வரிசை. பன்னிரண்டுக்கே சாப்பிடுங்கள், அல்லது காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் சாப்பிடுங்கள். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். புளியோதரை டப்பாவைக் கைப்பைக்கு அடியில் துண்டால் மூடிக் கொண்டுபோகும் அத்தைகளுக்கும் இது பொருந்தும்.

அம்மா, மாமியாரை எல்லாம் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் அவர்களைப் பைக்குக் காவல் வைக்கத்தான் கூட்டிப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். எந்தப் பார்க்குக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்: மரத்தடி பெஞ்சில் ஒரு அம்மா, சுற்றிலும் ஆறு பைகள், நான்கு ஜோடி செருப்பு, மடியில் ஈரத் துண்டு. முழு டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர், ஒரு ராட்டினத்தில்கூட ஏறாமல் திரும்பிப் போவார். கேட்டால், "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா" என்பார். ஏறச் சொல்லி யாராவது உண்மையாகக் கேட்டார்களா என்பதுதான் சந்தேகம்.

லாக்கர் எடுங்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு பெரிய லாக்கர் போதும். அம்மாவுக்கு மாற்றுத்துணி நீங்களே எடுத்து வையுங்கள். பருத்திப் புடவையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பருத்தியில் நூல் பிரிந்து வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், பாதுகாப்புக்கும் சரிப்படாது. நைலான் துணியில் முழுக்கை, முழுக்கால் மூடும் நீச்சல் உடைகள் நிறையக் கிடைக்கின்றன. சிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் தேடினால் பார்க் வாசலில் விற்பதைவிட மலிவு. என் மாமியார் அந்த உடையைப் போடமாட்டேன் என்று அரை மணி நேரம் அடம்பிடித்தார். ரெயின் டான்ஸில் இருந்து அவரை வெளியே கொண்டுவர அதைவிட அதிக நேரம் ஆனது.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுத் தண்டுவடப் பிரச்சினை, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் பெரிய ரைடுகளுக்குக் கட்டாயம் கூடாது. ஸ்கை வீல் போன்ற மெதுவானவை பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையை ரைடில் ஏற்றாமல் திருப்பி அனுப்பினால் அழுகிறதே?

வீட்டிலேயே செருப்பில்லாமல் உயரம் அளந்துவிட்டுப் போங்கள். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, 140-ஐத் தாண்டினால் பெரியவர் டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் அந்த 140 தான் எல்லை. உயரக் கட்டுப்பாடு வயதைப் பொறுத்ததல்ல. தோள்மேல் இறங்கும் கம்பியும் பெல்ட்டும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்குத்தான் சரியாகப் பிடிக்கும். ஊழியரிடம் "ரெண்டு சென்டிமீட்டர்தானே சார்" என்று கெஞ்சுவது நம் பிள்ளையின் பாதுகாப்பை நாமே பேரம் பேசுவது.

ஒரே பார்க் அலுக்காமல் இருப்பதற்கும் இந்த உயரக் குறி உதவுகிறது. ரைடுகள் மாறாவிட்டாலும் பிள்ளை வளர்கிறது. எங்கள் சமையலறைக் கதவில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. 140-ல் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டிய வாரம் பிறந்தநாளைவிடப் பெரிய கொண்டாட்டம்.

தொலைந்துபோகும் பயத்துக்கு: காலையில் உள்ளே நுழைந்ததும் பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் உடைக்கு மாறியதும் இன்னொன்று. பலர் இரண்டாவதை மறந்துவிட்டு, லாக்கரில் இருக்கும் மஞ்சள் சட்டையின் அடையாளத்தைச் சொல்லித் தேடுவார்கள்.

தலைசுற்றல், வாந்தி வராமல் இருக்க?

உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்வதால் வரும் குழப்பம் இது. கண்ணை மூடிக்கொள்வதைவிட, போகும் திசையில் தூரத்தைப் பார்ப்பது நல்லது. சுழலும் ரைடுகளை அடுத்தடுத்து ஏறாதீர்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் நிழலில் நடங்கள். வெறும் வயிறும் கூடாது, பிரியாணி வயிறும் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்கள் வெட்கப்படாமல் கீழே நின்று கையாட்டலாம்.

கோஸ்டரில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். முன் இருக்கையில் காட்சியும் காற்றும். கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது முன்னால் போன பெட்டிகள் அதை இழுப்பதால் வேகமாகக் கவிழும், இருக்கையை விட்டு உடம்பு எழும். பயப்படுகிறவர்களை நடுவில் உட்கார வையுங்கள்.

வேவ் பூலில் பெண்களுக்குச் சங்கடமாக இருக்கிறதே?

இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அலை வரும் சாக்கில் மேலே விழுவதும், பாட்டுச் சத்தத்தில் கும்பலாக நெருக்குவதும் நடக்கிறது. சாதாரணமாக ஞாயிறு மதியம் ஆண்கள் கூட்டம் அதிகம். நாங்கள் பெண்கள் நாலைந்து பேராக, நடுவில் போகாமல் ஓரமாக, உயிர்காப்பாளர் நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் நிற்போம். ஏதாவது நடந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டு, விசிலோடு நிற்கும் அந்த உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். "நாம ஏன் வம்புக்கு" என்று வெளியே வந்துவிடுவதால்தான் அடுத்த அலைக்கும் அதே ஆள் அங்கே நிற்கிறான். மகளுக்கும் இதைப் போகும் வழியிலேயே சொல்லி வையுங்கள்.

அடிக்கடி போனால் காசு கட்டுப்படியாகுமா?

நான்கு பேர் குடும்பத்துக்கு மாதாமாதம் கட்டுப்படியாகாது. மே மாத ஞாயிறு ஒன்றில் லாக்கர், சாப்பாடு, ஃபாஸ்ட்ராக், போட்டோ என்று கொட்டுவதை, ஆள் வராத காலத்து வார நாள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வார நாள் டிக்கெட் விலை குறைவு. கல்லூரி மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் தள்ளுபடி உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். நடுவில் பிள்ளைகள் நச்சரித்தால் கப்பன் பார்க் பால பவனும் நவம்பர் டிசம்பரில் பசவனகுடி கடலைக்காய் பரிஷை என்னும் நிலக்கடலைத் திருவிழாவும் இருக்கின்றன. பரிஷையில் ராட்டினமும் உண்டு, வறுத்த கடலையும் உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது.

எப்படிப் போய்வருவது?

மெட்ரோ பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரிலிருந்து சல்லகட்டா வரை போகிறது. கெங்கேரியிலோ அங்கேயோ இறங்கி பஸ், ஆட்டோ. ஓசூரிலிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டில் மைசூர் ரோடு பிடிக்கலாம், சுங்கம் உண்டு. பைக்கில் வருகிற பையன்களுக்கு: 2023 ஆகஸ்ட்டிலிருந்து மைசூர் விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் இருசக்கர வாகனம் கூடாது, சர்வீஸ் ரோடுதான்.

திரும்பும்போது ஞாயிறு மாலை மைசூரிலிருந்து வரும் மொத்த வண்டியும் நம்மோடு சேர்ந்துகொள்ளும், நாயண்டஹள்ளி வரை ஊர்வலம்தான். எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரம் போய் பிடதியில் தட்டே இட்லியும் வெண்ணெயும் சாப்பிட்டு, நெரிசல் குறைந்ததும் கிளம்புவது எங்கள் வழக்கம்.

மழை வந்தால்?

ஏப்ரல், மே மாலைகளில் இடியோடு வரும். மின்னல் தெரிந்தால் உயரமான ரைடுகளையும் தண்ணீர்ப் பகுதியையும் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அந்த மழை கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் அதற்குள் பாதிப் பேர் வாசலை நோக்கி ஓடியிருப்பார்கள். கூரை இருக்கும் இடத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நில்லுங்கள். ரைடுகளை மறுபடி ஓட்டுவார்களா என்று ஊழியரிடம் கேட்டு, ஆமாம் என்றால் அங்கேயே இருங்கள். அதற்குப் பிறகு வரிசையே இருக்காது.